இருவர் உள்ளே, ஒருவர் வெளியே

இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டவில்லை. இட்டுக்கட்டத் தெரிந்திருந்தால் முடிவையாவது மாற்றியிருப்பேன்.

என் பெயர் இஷ்பெல். நானும் என் கணவன் டூகலும் ஸ்காட்லாந்தின் வடக்கே பல வருடங்களாகப் பறவைகளைப் படம் பிடித்து வந்தோம். செப்டம்பரில் ஏரிக்கரை மரங்களில் தீனிக்கூண்டுகளைத் தொங்கவிடுவோம். வலைக்கூண்டு நிறைய நிலக்கடலை. கொண்டைச் சிட்டு, ராபின், மரங்கொத்தி எல்லாம் அதற்குப் பழகிவிடும். அக்டோபரில் ஐஸ்லாந்திலிருந்து அன்னங்கள் ஏரியில் வந்து இறங்கும். நவம்பர் முடிவதற்குள் வெளிச்சம் செத்துவிடும். அதற்குள் கிடைத்ததுதான் அந்த வருடத்துப் படம்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அது தெரியாவிட்டால் நான் சொல்லப்போவது புரியாது.

பறவைகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தெரியாது. படம் பிடிக்க ஒளிந்து உட்காரும் மறைவுக்குடிலுக்குள் ஒருவர் தனியாகப் போய் உட்கார்ந்தால், உள்ளே ஆள் இருப்பதை அவை மறப்பதில்லை. கிட்டவே வராது. அதனால் இருவராகப் போவோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்துகொள்வார். மற்றவர் கதவைச் சாத்திவிட்டு, எல்லாப் பறவைகளும் பார்க்கும்படி கையை வீசிக்கொண்டு திரும்பி நடப்பார். ஆள் போய்விட்டார் என்று பறவைகள் நம்பிவிடும். கொஞ்ச நேரத்தில் கூண்டில் கூட்டம் சேர்ந்துவிடும்.

வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. உள்ளே இருப்பவர் தானாக வெளியே வரக் கூடாது. காலியான குடிலிலிருந்து திடீரென்று ஆள் முளைத்தால், அந்தப் பருவம் முழுவதும் பறவைகள் அந்த இடத்தை நம்பாது. வெளியே போனவர்தான் இருட்டுவதற்குள் திரும்பி வந்து, கதவைத் தட்டி, உள்ளே இருப்பவரை அழைத்துப் போக வேண்டும்.

எவ்வளவு குளிரினாலும் அதுவரை காத்திருக்க வேண்டும்.

போன வருடம் டூகலின் வலது கண் முழுவதுமாகப் போயிருந்தது. இடது கண்ணும் அடுத்த இலையுதிர் காலம்வரை தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவன் அழவில்லை. ஒரே ஒரு படம் வேண்டும் என்றான். தீனிக்கூண்டில் கொண்டைச் சிட்டு, அதற்குப் பின்னால் தண்ணீரில் அன்னங்கள், இரண்டும் ஒன்றாக. அதற்குச் சரியான கோணம் ஆர்னில் என்ற ஏரியில் அமையும் என்று வரைபடத்தில் மூக்கை உரசி உரசிக் கண்டுபிடித்தான். அங்கே கரையோரம் பழைய மறைவுக்குடில் ஒன்று இருந்தது. சாவி, அந்த எஸ்டேட்டின் வேட்டை மான்களைக் கவனித்துக்கொள்ளும் காவல்காரர் ஃபின்லேயிடம்.

நாங்கள் போனபோது அவர் கொட்டகையில் மான் ஒன்றைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்.

"படம் புடிக்க வேற ஏரியே கெடைக்கலையா?" என்றார், நிமிராமல்.

"சாவிய மட்டும் குடுங்க ஃபின்லே. குடில ஒண்ணும் தின்னுட மாட்டோம்," என்றான் டூகல்.

"அங்க குருவி வராது."

"கடலையப் போட்டா வராத குருவி உண்டா?"

"வராதுன்னா வராது. ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு உனக்கெதுக்குய்யா இந்த வேலை?"

"அந்த ஒத்தக் கண்ணு தீர்றதுக்குள்ளதான்யா."

ஃபின்லே சிரிக்கவில்லை. சாவியைக் கையில் தரவும் இல்லை. எங்கள் காலடியில் வீசிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டார்.

குடிலுக்குப் போகச் சதுப்பின் மேல் மரப்பலகைப் பாதை போட்டிருந்தார்கள். இரண்டு பலகை அகலம். நடந்தால் டக், டக் என்று சத்தம் வரும். காரிலிருந்து பத்து நிமிட நடை. குடிலின் கதவில் வெளிப்பக்கம் இரண்டு பூட்டுகள். மேலே ஒன்று, கீழே ஒன்று. உள்ளே ஒரு பலகை இருக்கை தவிர வேறெதுவும் இல்லை. இதற்கு எதற்கு இரண்டு பூட்டு என்று நான் கேட்டேன். டூகல் கூண்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தோம்.

கூண்டில் ஒரு கடலைகூடக் குறையவில்லை.

முதல் நாள் டூகல் உள்ளே உட்கார்ந்தான். நான் வெளியே வந்தேன். என்னிடம் மஞ்சள் நிற மழைச்சட்டை ஒன்று இருந்தது. வெளியே நடப்பவர் பறவைகளின் கண்ணில் நன்றாகப் பட வேண்டும் என்பதற்காக வாங்கியது என்று எல்லாரிடமும் சொல்வோம். உண்மையில் டூகலுக்காக வாங்கியது. தூரத்தில் வரும் ஆள்களின் முகம் அவனுக்குத் தெரிவதில்லை. மஞ்சள் தெரியும்.

மாலையில் போய்த் தகரக் குவளையால் கதவில் இரண்டு தட்டு தட்டினேன். அதுதான் எங்கள் அடையாளம். உள்ளே கொக்கியை எடுத்தான்.

"ஒரு ஈ காக்கா இல்ல," என்றான்.

"நீ இருமியிருப்ப."

"மூச்சே விடல. உள்ள ரொம்ப நெருக்கமா இருக்கு கோழி. தோள் இடிக்குது." அவனுக்கு நான் எப்போதும் கோழிதான்.

"எதுல இடிக்குது? உள்ள ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாமே!"

அவன் வெளியே வந்தான். வழக்கம்போல் இடது பலகையில் நடந்தான். வலது கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். இருள ஆரம்பித்தால் அவன் அப்படித்தான் நடப்பான்.

இரண்டாம் நாள் என்னை உட்காரச் சொன்னான்.

"என் மூஞ்சி அதுங்களுக்குப் புடிக்கல போல. நீ இருந்து பாரு."

கதவைச் சாத்திவிட்டுப் போனான். நான் காமிரா இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்புத் தொப்பி. தலை சற்று வலப்பக்கம் திரும்பியிருந்தது. வலது கண் போனதிலிருந்து அப்படித்தான் நடப்பான், இடது கண்ணால் முன்னே பார்ப்பதற்காக.

அவனுக்குப் பின்னால் இன்னொருவர் நடந்தார்.

நாலைந்து அடி பின்னால். அதே வேகம். ஃபின்லே என்று நினைத்தேன். ஆனால் எங்கிருந்து வந்தார்? பாதை இந்தக் குடிலோடு முடிகிறது. அதற்கப்புறம் ஏரிக்குள் நீளும் சின்னப் பலகைத் துறை மட்டும்தான்.

உற்றுப் பார்த்தேன்.

பழுப்புத் தொப்பி.

தலை, வலப்பக்கம் திரும்பியிருந்தது.

இரண்டு டூகல்கள்… பூர்ச்ச மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தார்கள்.

அடுத்த நிமிடம் பறவைகள் வந்தன. அப்படியொரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. கொண்டைச் சிட்டுகள் ஒன்றையொன்று கொத்தித் தள்ளின. பட்டினி கிடந்தவைபோலத் தின்றன. குடிலுக்குள் எனக்குத் தாராளமாக இடம் இருந்தது. தோளில் எதுவும் இடிக்கவில்லை.

மாலையில் இரண்டு தட்டு. திறந்தேன். டூகல் மட்டும் நின்றான். உதடு சாம்பல் பூத்திருந்தது.

"உன்கூட வந்தது யாரு?" என்றேன்.

"அத நான் உன்னக் கேக்கணும். என் பின்னாலயே எதுக்கு நடந்து வந்த?"

"நான் எடத்த விட்டு எந்திரிக்கவே இல்ல, டூகல்."

"பலகை சத்தம் கேட்டுச்சு. நான் நின்னா அதுவும் நின்னுச்சு. நீதான் வெளையாடுறன்னு நெனச்சுத் திரும்பவே இல்ல…"

விடிந்ததும் ஊருக்குத் திரும்புவது என்று முடிவு செய்தோம். விடுதியில் பெட்டிகளைக் கட்டியும் வைத்தோம்.

விடியும்போது கூரைக்கு மேல் அந்தக் குரல் கேட்டது. எக்காளம் ஊதுவது போல. அன்னங்கள்! கூட்டமாக, தாழ்வாக, ஆர்னில் ஏரிப் பக்கம் போயின. டூகல் ஜன்னலைத் திறந்து, எதுவும் தெரியாத வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னைக்கு ஒரு நாள்," என்றான்.

"வேணாம்."

"சரி. அடுத்த வருஷம் நீ போய்ப் பாத்துட்டு வந்து எனக்குக் கதை சொல்லு."

அவன் சொன்னவற்றிலேயே கொடுமையானது அதுதான். அவனுக்கும் அது தெரிந்தது. ஓட்ஸ் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தான்.

"நாலு மணிக்கு டாண்ணு வந்துருவேன்," என்றேன்.

"மஞ்சச் சட்டையப் போட்டுட்டு வா. இல்லன்னா ஃபின்லேன்னு நெனச்சுக் கடலைய வீசிருவேன்."

அன்று பகல் முழுவதும் உறைபனி உருகவில்லை. பலகைகள் வெள்ளையாக இருந்தன. அவனை உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு நடந்தேன்.

டக். டக். டக்.

நின்றேன்.

டக்… பின்னால் ஒரு சத்தம் தாமதமாக நின்றது.

நான் திரும்பவில்லை. பயமாக இருந்தது. ஆனால் கூடவே ஒரு கணக்கும் ஓடியது. அது என்னோடு வருகிறது. அப்படியென்றால் அவனோடு இல்லை. வரட்டும். நன்றாக வரட்டும். வேகத்தைக் குறைத்து, அதைக் கார்வரை கூட்டிக்கொண்டு வந்தேன்.

காரில் ஏறி எஞ்சினைப் போட்டேன். பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து இருக்கைப் பட்டை போடாவிட்டால் எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது. இருக்கையில் என் கையுறை மட்டும் கிடந்தது. அதை எடுத்தேன்.

விளக்கு அணையவில்லை.

இருக்கையின் மெத்தை அமுங்கியிருந்தது. வெப்பக் காற்றைக் கூட்டினேன். அந்தப் பக்கக் கண்ணாடியில் மட்டும் பனி படிந்துகொண்டே வந்தது. ஓடிவிடலாம் என்று கை கதவுக்குப் போனது. ஆனால் நான் இறங்கினால் அதுவும் இறங்கும். இங்கே இருக்கும்வரை அங்கே போகாது.

"இங்கயே இரு," என்றேன்.

பகல் முழுவதும் அதோடு உட்கார்ந்திருந்தேன். அதன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அவ்வப்போது தொலைநோக்கியில் ஏரியைப் பார்த்தேன். தீனிக்கூண்டில் சிறகுகளின் கொந்தளிப்பு. பின்னால் வெள்ளை வெள்ளையாக அன்னங்கள். எடுத்துக்கொள், டூகல், எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்று நினைத்தேன். வெறுப்பு என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது பக்கத்து இருக்கையிலிருந்து குளிராக என் கன்னத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. நானும் அதை வெறுத்தேன்.

மூன்று இருபதுக்குச் சிவப்பு விளக்கு அணைந்தது.

கதவு திறக்கவில்லை. சத்தம் இல்லை. மெத்தை மெல்ல மேலே எழும்பியது.

நான் ஓடினேன்.

பலகைப் பாதையில் கால் வைத்ததுமே பறவைகள் அத்தனையும் ஒரேயடியாக எழும்பின. அன்னங்கள் கத்திக்கொண்டு தண்ணீரை அறைந்து பறந்தன.

"டூகல்! தெறக்காத!"

வழுக்கினேன். விழுந்தேன். எழுந்தேன்.

"தெறக்காத!"

குடிலின் கதவு திறந்து கிடந்தது.

உள்ளே காமிரா அதன் முக்காலியில் நின்றது. தேநீரில் ஆவி பறந்தது.

அவன் இல்லை.

உறைபனியில் அவன் பூட்ஸ் தடங்கள். கார்ப் பக்கம் அல்ல. ஏரிக்குள் நீளும் துறைப் பக்கம். இடது பலகையில் மட்டும். வலது பலகையில் பனி கலையவே இல்லை. பக்கத்தில் நடப்பவருக்கு இடம் விட்டு நடந்திருந்தான்.

தடங்கள் தண்ணீர்வரை போயின. தண்ணீரில் இறங்கி இருட்டும்வரை தேடினேன், அவன் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஃபின்லேயும் காவலர்களும் அவனைக் கண்டெடுத்தார்கள். முழங்கால் ஆழத் தண்ணீர். பார்வை மங்கியவர், பனியில் வழுக்கிவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் வலது கை மடங்கி விறைத்திருந்தது. விரல்கள் எதையோ பிடித்திருந்தன. எதை என்று எனக்கு மட்டும் தெரியும். ஒரு முழங்கையை.

ஊருக்குக் கிளம்பும் நாளில் ஃபின்லே வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"குருவி வராதுன்னு சொன்னேன்ல? வேற என்னத்தச் சொல்றது? சொன்னா நம்பியிருப்பீங்களா?"

"யாரும் உள்ள போகக் கூடாதுன்னா அழுத்திச் சொல்ல வேண்டியதுதானே?"

"அந்தப் பூட்டு ஆளுங்க உள்ள போகாம இருக்கப் போட்டதில்லம்மா. யாரு போட்டாங்கன்னு எங்கப்பனுக்கே தெரியாது." காறித் துப்பினார். "நேத்து அந்தக் குடில எரிச்சிட்டேன். இனி அங்க ஒண்ணுமில்ல."

சொல்லிக்கொண்டே என் காரின் பக்கம் பார்த்தார். முகம் மாறியது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

காரை நகர்த்தியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. டிங்… டிங்… டிங்… பக்கத்து இருக்கைக்குப் பட்டை போடவில்லை என்று.

எனக்குப் பயம் வரவில்லை. கணவனை அங்கேயே புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? அந்தப் பட்டையை இழுத்துக் காலியான இருக்கைக்கு மாட்டிவிட்டேன். மணி நின்றது.

"வீட்டுக்குப் போலாம் வா, கிழவா," என்றேன்.

ஒரு வருடம் அப்படியே போனது. எங்கள் வீடு கடலோரத்தில், ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. சமையலறை ஜன்னலுக்கு எதிரே தீனிக்கூண்டு. இருபது வருடமாகப் பறவைகள் வந்த கூண்டு. ஆனால் நான் திரும்பி வந்த நாளிலிருந்து ஒன்றும் வரவில்லை. கடலை பூஞ்சை பிடித்தது. கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். அதுவும் பூஞ்சை பிடித்தது. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எனக்கு வீட்டில் துணை இருந்தது. எதிர் நாற்காலி கிறீச்சிடும். படுக்கையில் அவன் பக்கம் அமுங்கும். குளிர்தான், ஆனாலும் அமுங்கும். நான் பேசுவேன். திட்டுவேன். சில நாள் கெஞ்சவும் செய்வேன்.

அவன் காமிராப் பையைக் காவலர்கள் அப்படியே தந்திருந்தார்கள். விபத்து என்று முடிவானதால் யாரும் அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை. எனக்கும் மனம் வரவில்லை. நேற்று மாலைதான் திறந்தேன்.

அன்றைய முதல் படம், நான் குடிலிலிருந்து நடந்து போவது. காலை நேரம் சரியாகப் பதிவாகியிருந்தது. அப்புறம் நூற்றுக்கணக்கில் பறவைகள். மூன்று பத்தொன்பதுக்கு, அந்தப் படம். கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு சிட்டு. பின்னால் ஏழு அன்னங்கள். அவனுக்குக் கிடைத்திருந்தது. நான் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த படம், காலிக் கூண்டு.

அதற்கடுத்தது, பலகைப் பாதை. டூகலுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு நாளும் கடைசியாக, நான் அவனை அழைக்க வருவதைப் படம் எடுப்பான். இருபது வருடத்தில் அப்படி எத்தனையோ படங்கள் எங்களிடம் உண்டு.

தூரத்தில் மஞ்சள் புள்ளி.

அடுத்ததில், கிட்டத்தில்.

கடைசிப் படத்தில், வாசலில். நேரம் மூன்று இருபத்திரண்டு. அப்போது நான் பாதையில் ஓடத்தான் ஆரம்பித்திருந்தேன்.

என் மழைச்சட்டை. என் உயரம். தலை மட்டும் சற்று வலப்பக்கம் திரும்பியிருந்தது, அவனைப் போல. காமிரா அந்த உருவத்தின் மேல் குவிய முயன்று தோற்றிருந்தது. மஞ்சள் கலங்கிக் கிடந்தது. அதற்குப் பின்னாலிருந்த நாணல்கள், அதன் வழியாகவே, ஒவ்வொரு இலையும் கூர்மையாகத் தெரிந்தன.

ஆக, நான் பட்டை மாட்டி வீட்டுக்கு அழைத்து வந்தது டூகலை அல்ல.

நேற்று அதற்குப் பிறகு எதிர் நாற்காலியோடு நான் பேசவில்லை. அதன் பக்கம் பார்க்கவும் இல்லை. அதற்கு அது புரிந்திருக்க வேண்டும்.

இன்று காலை சமையலறைக்கு வந்தேன். ஜன்னலுக்கு வெளியே இரைச்சல். ஒரு வருடத்துக்குப் பிறகு… தீனிக்கூண்டு நிறையப் பறவைகள். ஒன்றையொன்று கொத்தித் தள்ளிக்கொண்டு தின்றன. எதிர் நாற்காலி கிறீச்சிடவில்லை. வீடு முழுக்க இடம் இருந்தது.

அது வெளியே போய்விட்டது. உள்ளே நான் மட்டும் இருக்கிறேன்.

காரில் ஏறி எங்காவது போய்விடலாம். காலையிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். வெளியே போனவர் இருட்டுவதற்குள் திரும்பி வருவார். தகரக் குவளையால் இரண்டு தட்டு தட்டுவார். பழுப்புத் தொப்பி போட்டிருப்பார். முழங்கையை என் பக்கம் நீட்டுவார். அது டூகல் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் கதவைத் திறக்காமல் இருந்துவிடுவேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. வெளிச்சம் இறங்குகிறது.

இப்போதுதான் பறவைகள் அத்தனையும் ஒரேயடியாக எழும்பின.